இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்

கோகுலன்,

நீ அனிற்றாவோடு கொச்சிக்கடைப் பக்கம் கலியாணக் கார்டு கொடுக்கப் போயிருக்கிறாய். வரப் பின்னேரமாகும் என்றாய். ரியூஷன் பிள்ளைகளுக்கும் சோதனை முடிந்து ஒரு கிழமை லீவு கொடுத்துவிட்டேன். வீட்டில் நானும் மின்விசிறியும்தான். முப்பது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிய கை இது. உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதத் தேவையும் வரவில்லை, நீதான் என்னை விட்டு எங்கேயும் போகவில்லையே. இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கலியாணம். இந்த நேரத்தில் ஒரு தாய் புத்தி சொல்லத்தான் பேனையை எடுப்பாள். நானும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முதல், போன ஞாயிற்றுக்கிழமை அந்த கோல்ஃப் பயிற்சித் திடலில் நடந்ததையும், பதினைந்து வருடத்துக்கு முதல் அதே திடலில் நடந்ததையும் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. அன்று நாம் இருவரும் அழுகையும் சிரிப்புமாகப் பாதிப் பாதியாகத்தான் கதைத்தோம். மற்றப் பாதி எனக்குள்ளேயே நிற்கிறது.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவருக்கு கோல்ஃப் வந்தது தற்செயல். தேயிலைக் கம்பனியில் அவருடைய மேலாளர் ஒரு சனிக்கிழமை ஆள் குறைகிறது என்று கூப்பிட, கிரிக்கெட் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவர், அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் வீட்டில் இருக்கவில்லை. என் அண்ணன்மார் சிரித்தார்கள். "வெள்ளவத்தையில இருந்து கோல்ஃப் விளையாடப் போறாராம், நாளைக்குக் குதிரையும் வாங்குவார்" என்றார்கள். அவர் கவலைப்படவில்லை. உன்னை ஒன்பது வயதிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். அவருடைய பந்து எந்தப் பற்றைக்குள் போனாலும் அவர் முகம் மாறாது என்று நீ வந்து சொல்வாய். நான் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. எனக்கு சனிக்கிழமை காலையில் இரண்டு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு. அந்த வெயிலில் ஒரு வெள்ளைப் பந்தைத் துரத்த ஆட்களுக்கு எங்கிருந்து நேரம் வருகிறது என்று நினைப்பேன்.

உனக்குப் பதினைந்து வயதில் அப்பா கம்பனிப் படியிலேயே விழுந்து இறந்து போனார். அதன் பின் வந்த மாதங்களை நீ என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பாய். நான் அறைக்குள் படுத்திருந்தேன். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள். உன் சித்தி வந்து சமைத்தாள். எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை காலை நீ அப்பாவின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாய். பை உன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. "தனியவோ போறாய்?" என்று கேட்டேன். "ஓம்" என்றாய். "நில், நானும் வாறன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திடலில் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து நீ அடிக்கிற பந்துகளைப் பார்த்தேன். நேராகக் கிளம்பும், பாதி வழியில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வலப்பக்கம் வளைந்து, கடைசியில் வலையோரம் போய் விழும். ஒன்றல்ல, இரண்டல்ல, அநேகமாக எல்லாமே. அடுத்த சனிக்கிழமை ஒரு கொப்பியோடு வந்தேன். எந்தத் திசையில் கிளம்பியது, எங்கே வளையத் தொடங்கியது, எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி. பௌதிகவியல் படிப்பிக்கிறவளுக்கு இது ஒரு கணக்கு. மட்டை எந்தப் பக்கம் வீசப்படுகிறதோ அந்தப் பக்கம் பந்து கிளம்புகிறது. பிறகு ஏதோ ஒரு விசை அதை வலப்பக்கம் தள்ளுகிறது. இரண்டு காவிகள், அளவும் திசையும் உள்ளவை. வலப்பக்கம் தள்ளுகிறதைச் சமப்படுத்த வேண்டுமென்றால் இடப்பக்கம் வீச வேண்டும். இரண்டையும் கூட்டினால் பந்து நடுவில் வந்து விழும். படம் கீறி, அம்புக்குறி போட்டு உனக்குக் காட்டினேன். நீ தலையாட்டினாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்குப் பின்னால் நின்று நான் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."

பந்து கேட்கவில்லை. நீ இடப்பக்கம் திரும்பத் திரும்ப அது இன்னும் மோசமாக வலப்பக்கம் வளைந்தது. நான் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, நீ சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை என்று முடிவு கட்டினேன். கணக்குப் பிழைத்திருக்கலாம் என்ற எண்ணம் ஒரு நிமிஷமும் வரவில்லை. பிள்ளைகள் பிழையான விடையோடு வந்தால், முதல் வரியில் இருந்து திரும்பிப் பார் என்று முப்பது வருடம் சொன்னவள் நான்.

ரஞ்சித் மாஸ்டர் அப்போது உனக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா ஒழுங்கு பண்ணிவிட்ட ஆள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். இரண்டு மூன்று கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"மிஸ், குறை நினைக்க வேணாம். பந்து இப்பிடி வளையுது எண்டா மட்டை வெளியில இருந்து உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வருது. அதுதான் வியாதி. நீங்க இன்னும் இடது பக்கம் பார்க்கச் சொன்னா இன்னும் வெட்டும். மகன் உள்ளுக்கிருந்து வெளிய, வலது பக்கமா வீசோணும்."

"வலப்பக்கம் போற பந்தை வலப்பக்கமே வீசச் சொல்லுறீங்களோ?"

"ஓம் மிஸ். அப்பதான் அது இந்தப் பக்கம் திரும்பும்."

"மாஸ்டர், நான் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறனான்."

அதைச் சொன்ன தொனி இப்போதும் என் காதில் கேட்கிறது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.  இனி சனிக்கிழமைகளில் மாஸ்டர் வரத் தேவையில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஹரி மிஸ், சரி" என்று சொல்லிவிட்டு, உன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். நீ உன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்தது தெரிவுப் போட்டி நாள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். நான் பச்சைச் சேலை கட்டி, தொப்பியும் போட்டு, அப்பா போனதற்குப் பிறகு முதல் தடவையாகப் பொட்டும் வைத்துக்கொண்டு வந்தேன். முதலாவது குழியில் நீ அடித்த பந்து மதிலைத் தாண்டிப் போனது. இரண்டாவதும். கயிற்றுக்குப் பின்னால் நின்று கையால் உனக்குச் சைகை காட்டினேன், இன்னும் இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம் என்று. நீ என்னைப் பார்த்தாய். திரும்பினாய். அடித்தாய். ஐந்தாவது குழியில், கூட விளையாடிய பையனின் தகப்பன் என்னைப் பார்க்காமலிருக்க வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதாவது முடிய நீ போய் நடுவரிடம் ஏதோ சொன்னாய். மட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்து, சிப்பை இழுத்து மூடினாய்.  வீட்டுப் படியில் ஏறும்போது "இனிப் படிக்கப் போறன் அம்மா" என்றாய். நான் "நல்லது" என்றேன். கேட்ட எல்லோருக்கும், படிப்புக்காக விட்டவன் என்று பெருமையாகவே சொன்னேன். நீயும் படித்தாய், கம்பஸ் போனாய், எஞ்சினியராக வந்தாய். அந்தப் பை அலுமாரிக்குப் பின்னால் போனது. அந்த வாரமே நான் வகுப்புகளைத் திரும்பத் தொடங்கினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குப் பதினைந்து வருடம் எடுத்தது.

போன வருடம் என் வலது தோள் இறுகிப்போனது உனக்குத் தெரியும். கையை உயர்த்திக் கரும்பலகையின் மேல் வரிக்கு எழுத முடியவில்லை. கிளினிக்கில் தோளுக்குப் பயிற்சி சொல்லித் தந்த பிள்ளை, ஒரு தடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டச் சொன்னாள். வீட்டில் தடி தேடியபோது அலுமாரிக்குப் பின்னால் இருந்து உன் ஏழாம் நம்பர் மட்டை வந்தது. மூன்று மாதம் அதை வைத்து வரவேற்பறையில் ஆட்டினேன். தோள் இளகியது. கை நன்றாக வீச வந்த பிறகு, முன்னால் ஒரு பந்து இருந்தால் என்ன என்று ஒரு ஆசை. நீ வேலைக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சல்வாரும் கன்வஸ் சப்பாத்துமாக, மட்டையைக் குடை மாதிரி ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அறுபது வயதில் களவாகச் செய்கிற காரியமா இது என்று எனக்கே சிரிப்பு வந்தது.

முதல் நாள் பத்துப் பந்தில் ஏழு பந்து இடத்தைவிட்டு அசையவில்லை. நாலைந்து தடவை போனபின் பந்து எழும்பத் தொடங்கியது. எழும்பிய பந்து என்ன செய்தது தெரியுமா? நேராகக் கிளம்பி, பாதி வழியில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வலப்பக்கம் வளைந்தது. உன் பந்தேதான். எனக்கு அந்த வியாதிக்கு மருந்து தெரியுமே! இடப்பக்கம் திரும்பி நின்று அடித்தேன். இன்னும் வளைந்தது. இன்னும் திரும்பினேன். பந்து பக்கத்து ஆளின் முன்னால் குறுக்கே போனது. அவர் ஒரு அடி பின்வாங்கினார். இந்த முறை சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை என்று பழி போட உன்னைப் போல ஒரு பிள்ளை முன்னால் நிற்கவில்லை. சொன்னவளும் நான், செய்தவளும் நான்.

ரஞ்சித் மாஸ்டர் அங்கேதான் இன்னும் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டது முதல் நாளே என்று பிறகு சொன்னார். நான் வெட்கப்படுவேன் என்று கிட்ட வரவில்லையாம். அன்று வந்தார். சிரிக்கவில்லை, பழையதைக் கதைக்கவில்லை. ஒரு வெறும் அட்டைப் பெட்டியை எடுத்து வந்து, பந்துக்கு அந்தப் பக்கமாக, கொஞ்சம் பின்னால் வைத்தார். "மிஸ், இந்தப் பெட்டியில படாம அடிங்க" என்றார். அவ்வளவுதான். முதல் வீச்சிலேயே பெட்டி பறந்தது. இரண்டாவதிலும். மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது என்று அவர் பதினைந்து வருடத்துக்கு முதல் சொன்னதை ஒரு வெறும் பெட்டி எனக்குக் காட்டித் தந்தது.

இரண்டு மாதம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். தரையில் ஒரு குச்சியை இலக்குக்கு வலப்பக்கமாகப் படுக்க வைத்து, அதன் வழியே மட்டையை வீசச் சொன்னார். மனம் விடவில்லை. வலப்பக்கம் வீசினால் பந்து வலப்பக்கம்தானே போகும் என்று உடம்பு முழுக்கச் சண்டை பிடித்தது. "ஹெமின் மிஸ், மெதுவா, அவசரம் இல்லை" என்று அவர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டேயிருப்பார். ஒரு காலை, மழை விட்டு புல் ஈரமாக இருந்தது, பெட்டியில் படாமல் மட்டை உள்ளே இருந்து வந்து வெளியே போனது. பந்து இலக்குக்குச் சற்று வலப்பக்கமாகக் கிளம்பியது. போச்சு என்று நினைத்தேன். அது நடுவானத்தில் ஒரு யோசனை யோசித்த மாதிரி நின்று, மெல்ல இடப்பக்கம் திரும்பி, நான் குறிவைத்த தூரப் பலகைக்கு நேரே போய் விழுந்தது. நான் அப்படியே அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கடுதாசி எடுத்து முதல் வரியில் இருந்து போட்டுப் பார்த்தேன். பிழை முதல் வரியிலேயே இருந்தது. பந்து கிளம்புகிற திசையை மட்டை வீசப்படும் வழி தீர்மானிப்பதில்லை. அந்த நொடியில் மட்டையின் முகம் பார்க்கிற பக்கம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வீச்சின் வழியும் முகம் பார்க்கிற பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் பந்து சாய்ந்து சுழல்கிறது. முகத்தைவிட இடப்பக்கம் வீசினால் வலப்பக்கம் வளையும், முகத்தைவிட வலப்பக்கம் வீசினால் இடப்பக்கம் வளையும். உன்னை நான் எவ்வளவுக்கு இடப்பக்கம் வீசச் செய்தேனோ அவ்வளவுக்கு நானே அந்த வளைவைப் பெரிதாக்கியிருக்கிறேன். ஒரு மாணவன் எழுதியிருந்தால் சைபர் போட்டுச் சிவப்புப் பேனையால் கோடும் இழுத்திருப்பேன்.

அடுத்த நாள் மாஸ்டரிடம் போய், "அண்டைக்கு நான் உங்களை அவமானப்படுத்திப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் கையை ஆட்டினார். "ஐயோ மிஸ், உங்கட மாதிரித்தான் அந்தக் காலம் பெரிய ஆட்களும் படிப்பிச்சது. எனக்குக் கணக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு, "மகன் கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். 

உன்னிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் எடுத்தது. நீ காலையில் தேநீர் குடிக்கும்போது சொல்லலாம் என்று வருவேன், நீ "என்ன அம்மா?" என்று நிமிர்ந்து பார்ப்பாய், சம்பல் இன்னும் வேணுமோ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன். அப்பா உனக்கு விட்டுப்போன ஒரே சந்தோஷத்தை நான் பிடுங்கிவிட்டேன் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? கலியாணம் கிட்ட வர வர, இதைச் சொல்லாமல் உன்னை மணவறையில் பார்க்க முடியாது என்று தோன்றியது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை, தோளுக்குப் பயிற்சி செய்யப் போகிறேன், கூட வா என்று பொய்யும் உண்மையுமாக உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.  ரஞ்சித் மாஸ்டர் "ஆ, கோகுலன் புதா!" என்று, மகனே என்கிற மாதிரி, கட்டிப் பிடித்தபோதும் நீ என்னைத்தான் பார்த்தாய்.

நான் மூன்று பந்து அடித்தேன். மூன்றாவது நன்றாகத் திரும்பியது.

"அம்மா, இது மாஸ்டர் சொன்ன வீச்செல்லோ?"

"ஓம். அண்டைக்கு மாஸ்டர் சரி. நான்தான் பிழை, கோகுலன். கொப்பி முழுக்கப் பிழை. உன்ர பந்தைக் கெடுத்தது நான்."

நீ வாளியில் இருந்து சிந்திக் கிடந்த பந்துகளைக் காலால் உருட்டினாய். பிறகு, "எனக்குத் தெரியும் அம்மா" என்றாய்.

"என்ன தெரியும்?"

"அப்பவே தெரியும். புதன்கிழமையில பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்கதான் வாறனான். மாஸ்டர் சொன்ன மாதிரித் தனிய அடிச்சுப் பாத்தனான். அழகாப் போச்சுது. எந்தப் பக்கம் வளைக்கிறதெண்டாலும் வளைக்கலாம்."

"பிறகேன்ரா செலக்ஷன் அண்டு அப்பிடி அடிச்சனி?"

"நீங்கள் பின்னால நிண்டீங்கள்."

எனக்கு விளங்கவில்லை. நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "அப்பா போன பிறகு நீங்கள் வாய் திறந்து கதைச்சது அந்தக் கொப்பியைப் பற்றி மட்டும்தான். படம் கீறுவீங்கள். சாப்பிட்டுக்கொண்டே விளங்கப்படுத்துவீங்கள். அதுக்காகத்தான் சாப்பிடவே வருவீங்கள். பந்து நேராப் போனால் கொப்பி பிழையெண்டு ஆயிடும். நீங்கள் திரும்ப அறைக்குள்ள போய்ப் படுத்திடுவீங்களோ எண்டு பயமா இருந்தது."

"அப்ப விளையாட்டையே விட்டது?"

"அது கோபம். இல்லையெண்டு சொன்னால் பொய். உங்களில கோபம், என்னிலயும் கோபம். கம்பஸ் போயும் ரெண்டு வருஷம் இருந்தது. பிறகு போயிட்டுது அம்மா. எப்ப போனதெண்டே எனக்குத் தெரியாது."

நான் அழுததைப் பார்த்து நீ பயந்துவிட்டாய். மாஸ்டர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, மகன். எட்டு மாதமாக என் நெஞ்சில் இருந்த பாறை, நான் நினைத்த இடத்தில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. உன் கையில் இருந்த நல்ல வீச்சை நான் அழிக்கவில்லை. அது உன்னிடம் வந்திருக்கிறது. புதன்கிழமைகளில் இங்கே தனியே நின்று அது அழகாக வளைந்து போவதை நீ பார்த்திருக்கிறாய். அந்தச் சந்தோஷம் உனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது போதும். கோபம் இருந்தது என்று நீ மறைக்காமல் சொன்னதும் எனக்கு ஆறுதல். கோபமே வரவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு மாஸ்டர் மட்டையை உன் கையில் திணித்தார். முதல் வீச்சு மண்ணைக் கிளப்பியது, இரண்டாவது எங்கேயோ தறிகெட்டுப் போனது. நீ உன் பாட்டில் சிரித்தாய். ஆறாவதோ ஏழாவதோ, மட்டையில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. பந்து வலப்பக்கமாகக் கிளம்பி நூற்றைம்பது மீற்றர் தூரத்தில் இடப்பக்கம் திரும்பி இறங்கியது. "எந்தப் பக்கம் வேணும் அம்மா?" என்று கேட்டாய். வலப்பக்கம் என்றேன். கால்களைச் சற்று மாற்றி வைத்தாய், மட்டையைக் கொஞ்சம் குறுக்கே வீசினாய், பந்து இடப்பக்கமாக எழும்பி வலப்பக்கம் வளைந்து அதே பலகையடியில் விழுந்தது. எந்தப் பழுதுக்காக நான் உன்னை ஆறு மாதம் வாட்டினேனோ, அதையே வேண்டுமென்று அளவாகச் செய்து காட்டினாய். மாஸ்டர் கை தட்டினார். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில், நீ என் பக்கத்தில் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. என்னைச் சந்தோஷப்படுத்த, தெரிந்துகொண்டே பிழையாக அடிக்கிற பிள்ளை இவன். அப்படியென்றால் இப்போது எதை எதை எனக்காக அடித்துக்கொண்டிருக்கிறான்? கலியாணத்துக்குப் பிறகு அனிற்றாவும் இந்த வீட்டுக்கே வரட்டும், கடல் பக்கத்து அறைக்குப் பெயின்ற் அடித்து, பெரிய கட்டிலுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன் என்று நான் போன மாதம் சொன்னபோது நீ "சரி அம்மா" என்றாய். அன்று "இனிப் படிக்கப் போறன்" என்ற அதே குரல். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே கேட்டேன்.

"கோகுலன், இந்த வீட்டில இருக்க உனக்கு உண்மையா விருப்பமோ? எனக்காகச் சொல்லாத."

 கீழே ஒரு ரயில் வந்து, போய், சத்தமும் அடங்கிவிட்டது.

"இல்லை அம்மா" என்றாய். அனிற்றாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு வேலை, இங்கிருந்து போவது கஷ்டம், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள், இரண்டு மாதமாக அம்மாவிடம் சொல் சொல் என்று அவள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள், போன கிழமை அதனால் சண்டையும் வந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் உடைந்து போவேன் என்று நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் குசினிக்குப் போய் மூன்று தோசை சுட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி எனக்கு வந்து கன காலம். முப்பத்தொரு வயதில் என் பிள்ளை முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லியிருக்கிறான். நீ சொன்னாய், நான் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தோம்.

இனித்தான் புத்தி சொல்ல வேண்டிய இடம். நீண்டதாக ஒன்றுமில்லை. அனிற்றாவிடம் இதைச் செய்யாதே. அவள் சமைத்தது பிடிக்கவில்லையென்றால் சொல்லு, அவள் ஆட்கள் வீட்டுக்குப் போக அலுப்பென்றால் சொல்லு, அவள் எடுத்த முடிவு பிழையென்று பட்டால் அன்றைக்கே சொல்லு. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் "சரி" சொல்வதை நீ அன்பு என்று நினைக்கிறாய். அதைச் செய்கிறவனுக்கு ஒரு நாள் கோபம் வரும், யாருக்காகச் செய்தானோ அவளுக்கு ஏன் என்று தெரியாது. நான் பதினைந்து வருடம் தெரியாமல் இருந்தேன். அவளையும் அப்படி வைக்காதே. அவள் உன்னிடம் பிழை என்று சொன்னால், நீ எஞ்சினியர் என்று அவளுக்குச் சொல்லாதே. நான் சொன்ன அந்த ஒரு வசனத்தால் ஒரு நல்ல மனுஷனை வாசலோடு அனுப்பினேன்.

இன்னும் ஒன்று, உனக்குத் தெரியாதது. திங்கட்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு அனிற்றாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான்.

"பிள்ளை, நீங்கள் பாத்த வீட்டை நானும் ஒருக்காப் பாக்கலாமோ?"

 அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"மாமி... அவர் சொல்லிட்டாரோ?"

"சொல்லிட்டான்."

"உங்களுக்கு முன்னால நிண்டு, வாயால இல்லையெண்டு சொன்னவரோ?"

"ஓம். நேர சொன்னவன்."

அந்தப் பிள்ளை சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு எங்கேயோ திரும்பி அழுகையாகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாமி, லிஃப்ட் இல்லை. நாலு மாடி ஏறோணும்" என்றாள். ஏறுவேன் என்றேன். நாளைக் காலை அவளுக்கு லீவாம். நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். நீ வர வேண்டாம், வேலைக்குப் போ. அவளும் நானும் தனியே கதைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த வீடு எனக்குப் பிடிக்காவிட்டால் அதை அவளிடமே சொல்லுவேன். அவள் என்ன சொல்கிறாள் பார்ப்போம்.

அம்மா